நீ அளவு சொன்னாய், நான் எழுதினேன்

இன்று காலை மதுராந்தகத்தில் ஏறிய ரயிலில், எதிர் இருக்கை அம்மாள் பையிலிருந்து வலித் தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். பெட்டி முழுக்க அந்த வாசனை. பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நீ ஞாபகம் வந்தாய். அது மெத்தில் சாலிசிலேட் வாசனை. எம்.எஸ்ஸி. முதல் வருஷம் அதைக் காரத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, அமிலம் ஊற்றி வெள்ளையாகப் படியவைத்து, அதிலிருந்து ஆஸ்பிரின் செய்து காட்டச் சொன்னார்கள். மூன்று நாள் நம் இருவர் கையும் துப்பட்டாவும் தைலக் கடை மாதிரி மணந்தன. அன்று சாயங்கால ரயிலில் ஒரு பெரியவர், "யாருக்கும்மா வூட்ல உடம்பு வலி?" என்று என்னைக் கேட்டதை மறுநாள் உன்னிடம் சொன்னேன். நீ மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எனக்குத்தான்னு சொல்றதுதானே. கெமிஸ்ட்ரி படிச்சா அதான் வரும்" என்றாய்.

நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ செத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் கோபம்தான் முதலில் வந்து நிற்கிறது. போய்ச் சேர்ந்தவளோடு சண்டை போடக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ என்னைச் சண்டை போட விடவில்லையே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டுக் கல்லூரியில் வரிசை எண் பார்த்து நம்மை ஒரே மேஜையில் நிறுத்தினார்கள். நான் மதுராந்தகம் ஏரிக்கரைப் பக்கத்துக் கிராமம். அப்பா நெல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டினார். நீ சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வந்து, பஸ் மாறி வருவாய். அப்பா இல்லாத பெண். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முதல் வாரமே என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, "இது கண்ணாடியா, தேய்ச்சுப் போட்ட பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாய். கேட்டது நியாயம்தான். அத்தனை கீறல் அதில். பியூரெட் என்கிற அந்த நீளக் கண்ணாடிக் குழாயில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதற்குள் எனக்குக் கழுத்து வலிக்கும். இரண்டு கோடு மூன்றாகத் தெரியும்.

அப்போதுதான் நீ அந்த ஏற்பாட்டைச் செய்தாய். "நான் பாத்து சொல்றேன், நீ எழுதிக்கோ. உன் எழுத்து முத்து முத்தா கீது, என் எழுத்த எனக்கே படிக்க வராது." நீ குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, அளவைச் சொல்வாய். நான் இரண்டு நோட்டிலும் எழுதுவேன். உன் நோட்டிலும் என் எழுத்துதான். பேராசிரியருக்கும் தெரியும். கேட்டால், "மேடம், அவ கண்ணு நான், என் கை அவ" என்பாய். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நாமும் அதைப் பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டோம். இரண்டு வருஷம் எல்லாப் பரிசோதனையும் அப்படித்தான் போயிற்று.

ஒரு நாள் நடந்ததை நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறேன். பெர்மாங்கனேட் கரைசல். அடர்ந்த ஊதா நிறம், அதனால் திரவத்தின் மேல் விளிம்பைப் பார்த்து அளவு சொல்லவேண்டும். முதல் இரண்டு தடவை ஒத்துவந்தது. மூன்றாவது தடவை, குழாயில் சொட்டு இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே நீ எண்ணைச் சொல்லிவிட்டாய். நான் பேனாவை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தேன். "இன்னாடி முறைக்கிற? ரெண்டு வாட்டி வந்தது மூணாவது வாட்டி வேற மாதிரியா வரப்போவுது?" என்றாய். நான் சிரித்துவிட்டு எழுதினேன். அன்றைக்கே எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இதில் என் தப்பு எதுவோ அதை நான் மறைக்கவில்லை. நீதான் மறைத்தாய்.

கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன் என்றால் எங்கள் வீட்டுப் பக்கம் ஒருவருக்கும் புரியாது. சித்தப்பா கடைசி வரைக்கும் நான் மெடிக்கல் ஷாப்பில் உட்காரப்போகிறேன் என்றே நம்பினார். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "கல்பாக்கத்துல உள்ள எடுத்துப்பாங்களா?" என்று கேட்டதாகச் சொல்வாய். இறுதியாண்டில் நமக்கே பயம் பிடித்தது. யார் எங்கே போவது என்பதுதான் மத்தியானச் சாப்பாட்டுப் பேச்சு. பாதிப் பேர் பி.எட். படித்து ஆசிரியர் ஆகிறோம் என்றார்கள். ஒருத்தன் சிமென்ட் ஆலையில் அண்ணன் இருக்கிறார் என்று அரியலூர் போனான். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள் பேங்க் தேர்வுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தாள். நாம் இருவரும் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முடிவு செய்தோம். இரண்டு வருஷம் மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. அதற்குள் நெட் தேர்வு. பிறகு ஆராய்ச்சி. "ரெண்டு பேர் வெள்ளக் கோட்டும் ஒரே லேப்ல மாட்டிகினு இருக்கணும்டி" என்றாய். நீ அப்போது உண்மையாகத்தான் சொன்னாய் என்று இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருப்போரூர்ப் பக்கத்து மாத்திரைக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே நாளில் வேலை கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ். உனக்கு எச்.பி.எல்.சி. மெஷின் மேல் பார்த்த உடனே காதல். மாத்திரையைக் கரைத்து உள்ளே செலுத்தினால், மருந்து எவ்வளவு இருக்கிறது என்று திரையில் மலை மாதிரி எழுந்து காட்டும் மெஷின் அது. சீனியர்களுக்கு மக்கர் பண்ணும் மெஷின் உன் கை பட்டால் ஒழுங்காக ஓடும். நான் காகித வேலையில் கெட்டி. அவரவர் வேலையை அவரவர்தான் எழுதவேண்டும் என்பது அங்கே முதல் நாள் வகுப்பிலேயே சொன்ன விதி. முதல் மாதம் கடைப்பிடித்தோம். அப்புறம் நீ மெஷின் முன்னால் உட்கார்ந்து எண்களைச் சொல்ல, பக்கத்தில் நின்று நான் எழுத, பழைய மேஜைக்கே திரும்பிவிட்டோம். தாளின் கீழே இரண்டு கட்டம். செய்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற இடத்தில் வேறொரு சீனியர். ஒன்றரை வருஷம் கழித்து அந்தச் சரிபார்க்கும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். நீதான் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாய்.

அந்த ரத்த அழுத்த மாத்திரை விஷயம் நடந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. மருந்தின் அளவு எல்லைக்குக் கீழே வந்திருக்கிறது. வந்தால் வந்தபடி எழுதி, மேலே சொல்லி, அந்த உற்பத்தி முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். நீ சொல்லவில்லை. நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அதே கரைசலை வேறு பெயரில் திரும்பத் திரும்பச் செலுத்தி, எல்லைக்குள் விழுந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாய். என்னிடம் அந்த எண்ணைச் சொன்னாய். நான் எழுதினேன். பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம்தான் இருந்தது. மெஷினின் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக்கொண்டே போட்டேன். உன் கண்ணை நம்பிப் பழகிய கை அது.

மெஷினில் எல்லாம் தங்கியிருந்தது. வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள், யார், எந்த நேரம், எத்தனை முறை செலுத்தினார்கள் என்று வரிசையாகத் திறந்து காட்டினார்கள். நல்லவேளை, மாத்திரைகள் கிடங்கைத் தாண்டவில்லை. விசாரணைக்கு முதலில் உன்னைக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாய். என் தோளைத் தொட்டு, "ஒண்ணும் ஆவாது. உள்ளத சொல்லு" என்றாய்.

உள்ளதைச் சொன்னேன். பதிவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, அவள் செலுத்தியது எனக்குத் தெரியாது, அவளும் ஏதோ அவசரத்தில்தான் செய்திருப்பாள் என்று உனக்காகவும் பேசினேன். மேனேஜர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அது யாருடைய எழுத்து என்று எனக்கு முதலில் தெரியவில்லை. ஏறக்குறைய நான்கு வருஷம் ஒன்றாக இருந்தும் உன் எழுத்தை முழுப் பக்கமாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோணல் மாணலாக இருந்தாலும் ஒவ்வொரு வரியும் தெளிவாகவே இருந்தது. மறுபடி செலுத்தச் சொன்னது நான் என்று எழுதியிருந்தாய். நீ வேண்டாம் என்றாய். சரிபார்க்கும் பொறுப்பில் இருப்பவள் நான் என்பதால் உன்னால் மறுக்க முடியவில்லை. எந்த எண்ணை எழுதுவது என்று முடிவு செய்ததும் நான். சந்தேகம் இருந்தால் தாளைப் பாருங்கள், எல்லாம் அவள் எழுத்து என்று முடித்திருந்தாய்.

பார்த்தார்கள். எல்லாம் என் எழுத்துதான். அந்த ஒரு தாள் மட்டுமா, அலமாரியிலிருந்து எடுத்த உன் எல்லாத் தாளும் என் எழுத்து. "இதுக்கு இன்னாம்மா சொல்ற?" என்று மேனேஜர் கேட்டார். கல்லூரியில் என் கண்ணாடியில் கீறல் இருந்தது சார் என்றா சொல்வது?

ராஜினாமா எழுதச் சொன்னார்கள். அதையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. அந்தப் பக்கத்து மருந்து கம்பெனிகளில் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். மூன்று இடத்தில் நேர்முகம் நன்றாகப் போய், முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வியோடு நின்றுபோயிற்று. ஆராய்ச்சிக்கு ஒரு பேராசிரியர் எடுத்துக்கொள்வதாக இருந்தார். அவருக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். அளவைத் திருத்தும் பெண் என்று. வேதியியலில் அதைவிடக் கேவலமான பெயர் உண்டா?

பொத்தேரியில் தண்ணீர் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தவர் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஹாஸ்டல்காரர்கள் கேன் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். புது வீடு வாங்குபவர்கள் போர்வெல் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். குடிக்கலாமா, குளித்தால் முடி கொட்டுமா என்று கேட்பார்கள். நல்ல கண்ணாடி போட்டுக்கொண்டு பியூரெட்டை நானே பார்க்கிறேன். சொட்டு நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் அளவு எடுக்கிறேன். கூட வேலை செய்யும் பெண், "அக்கா, நான் எழுதட்டா?" என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் அவள் மிரண்டுபோனாள்.

நான்கு வருஷம் கழித்து உன்னைப் பார்த்தேன். மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில், பின்பக்கத்து மோட்டார் அறையில் நான் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் கம்பெனியின் கூட்டம் அன்று அங்கே நடந்திருக்கிறது. கழுத்தில் அட்டை, அதில் உன் பெயருக்குக் கீழே பிரிவுத் தலைவர் என்று இருந்தது. என் கையில் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, தண்ணி லாரி ஓட்டிகினு கீறியா?" என்று சிரித்தாய். மேஜையில் சிரித்த அதே சிரிப்பு.

"ஏன்டி அப்படிப் பண்ண?" என்று கேட்டேன். நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். பிறகு என் கண்ணைப் பார்த்தே சொன்னாய். "எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான். உனக்கு அப்பா கீறாரு, அண்ணன் கீறாரு. நீ வுழுந்தா தூக்கி வுட ஆள் கீது. எனக்கு யாரு கீறாங்க?" அப்படியென்றால் கணக்குப் போட்டுத்தான் என்னைத் தள்ளியிருக்கிறாய். பயத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்றுதான் நான்கு வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டாய்.

"இத்த எழுதிக் குடு. ரெண்டு வரி போதும். என் பேரு சரியாயிடும்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். நீ அட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "எழுதறது எப்பவும் நீதானேடி." உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஆனாலும் என்றைக்காவது ஒருநாள் எழுதிவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வரிக்காகத்தான் போன் நம்பரைக்கூட மாற்றாமல் வைத்திருந்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மேனேஜர்கள் நம்புவதுகூட இரண்டாம் பட்சம். அளவைத் திருத்தியவள் நான் இல்லை என்று தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் நீ மட்டும்தான். போன சித்திரையில் ஏழே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் போடவில்லை. சாப்பிடவும் முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சதுரங்கப்பட்டினம் வந்தேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டேன். டச்சுக் கோட்டைக்குப் பின்தெருவில் உன் வீடு. உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. உன் அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பாதியாக இளைத்துப்போயிருந்தார்.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்மா. அந்தக் கம்பெனில நீ தெரியாத்தனமா இன்னாமோ பண்ணிட்டியாம். போலீஸு கேஸு ஆவாம எம் பொண்ணுதான் பேசி நிறுத்துனாளாமே. அப்பவே வந்து சொன்னா. பாவம்மா அவ, நல்ல பொண்ணும்மான்னு உன்ன பத்தி அழுதா."

உன் அம்மாவிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறாய். எனக்காக அழுதும் காட்டியிருக்கிறாய். தயார் செய்துவைத்த வார்த்தைகளைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது உன் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். கடைசி ரெண்டு நாளு ஜுரத்துல, 'அவளுக்குப் பண்ணிட்டேன், அவளுக்குப் பண்ணிட்டேன்'னு பொலம்பிகினே இருந்தா. யாருக்குன்னு கேட்டா சொல்லல. எம் பொண்ணு யாருக்கும் கெடுதல் பண்ணவ இல்லியேம்மா? கூடவே இருந்தவ நீ. நீ சொன்னா நான் நம்பிப்பேன்."

எனக்கு வேண்டிய இரண்டு வரியை நீ ஜுரத்திலாவது சொல்லியிருக்கிறாய், அதிலும் என் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அவ யாருக்கும் கெடுதல் பண்ணல. எனக்கு நல்லதுதான் பண்ணா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காபி போட எழுந்து போனார். நான் உன் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே ஒரு பொய்க்கு நான் கையெழுத்துப் போட்டேன். இதைப் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் அம்மா எனக்குப் போன் செய்கிறார். "அவள பத்தி எதுனா சொல்லும்மா" என்கிறார். மெஷின் உன் கை பட்டால் ஓடியதைச் சொல்லியிருக்கிறேன், மிட்டாய் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குத் தைல வாசனையையும் அந்த ரயில் பெரியவரையும் சொல்லப்போகிறேன். அவர் சிரிப்பார். நீயும் அங்கே இருப்பதுபோல இருக்கும் அவருக்கு. இப்படியே வாரா வாரம் உன்னை நல்லவளாக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் இருக்கும் வரைக்கும் அந்தக் கம்பெனியில் தப்பு செய்தவள் நான்தான். இதை அவருக்காகச் செய்கிறேன், உனக்காக இல்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை.